எண்ணுறது ஈஸி, மிச்சத்தைக் கணிக்கிறதுதான் கஷ்டம்! - பிளாக்ஜாக் சீட்டுக் கணக்கு, ஒரு முழு கைடு

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலம் போயிருக்கீங்களா? ராஜகோபுரத்தில் ஆரம்பித்து செங்கம் சாலை வழியா ரமணாசிரமம் பகுதிக்கு வரும்போது சுமார் 2 கிலோமீட்டர் முடிந்திருக்கும். மொத்தப் பாதை 14 கிலோமீட்டர். அங்கே ஒரு காபி குடிக்க நீங்கள் நின்றுவிட்டீர்கள். நண்பர்கள் 12 நிமிடம் முன்னால் போய்விட்டார்கள். பதறத் தேவையில்லை. மிச்சம் 12 கிலோமீட்டர் இருக்கிறது. கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் வேகம் கூட்டினால் போதும், கோயிலுக்குள் நுழைவதற்குள் சேர்ந்துவிடலாம்.

அதே 12 நிமிட இடைவெளி, கடைசி 2 கிலோமீட்டர் இருக்கும்போது விழுந்தால்? கிலோமீட்டருக்கு 6 நிமிடம் மிச்சம் பிடிக்க வேண்டும். ஓட வேண்டியதுதான்!

இடைவெளி ஒன்றுதான். மிச்சம் எவ்வளவு என்பதுதான் அதன் மதிப்பை மாற்றுகிறது. இது புரிந்துவிட்டால், ஹாலிவுட் படங்களில் பார்த்து வியந்த 'கார்டு கவுன்ட்டிங்' விஷயத்தின் பாதி உங்களுக்குப் புரிந்துவிட்டது. இன்னொரு பாதியைத்தான் ரீல்ஸ் போடுகிறவர்கள் சொல்வதில்லை.

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. ரமணாசிரமத்துக்குப் பக்கத்துத் தெருவில் ரூம் எடுத்துத் தங்கி, லேப்டாப்பில் வேலை பார்க்கிற நண்பன் ஒருவன் எனக்கு உண்டு. கணக்கில் புலி. வீடியோக்கள் பார்த்து ஒரே மாதத்தில் சீட்டு எண்ணக் கற்றுக்கொண்டான். போனில் ஏதோ ஒரு ஆப்பில் பணம் கட்டி விளையாடினான். எண்ணியதில் ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் 18,000 ரூபாய் போனது. "கவுன்ட் கரெக்டாதான்டா இருந்துச்சு, எப்படிடா தோத்தேன்?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆட்டம் என்ன?

பிளாக்ஜாக்கில் உங்களுக்கு எதிரி டீலர் மட்டும்தான். கையில் உள்ள சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டாமல், டீலரைவிட அதிகமாக இருந்தால் வெற்றி. ராஜா, ராணி, ஜாக் எல்லாம் 10. ஏஸ் 1 அல்லது 11. முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்தும் வந்தால் அதுதான் 'பிளாக்ஜாக்'. நல்ல விதிகள் உள்ள மேசையில் அதற்கு 100 ரூபாய்க்கு 150 ரூபாய் கிடைக்கும்.

நம்ம ஊர் 'உள்ளே வெளியே' மங்காத்தாவுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம். பிளாக்ஜாக்கில் ஒரு சுற்று முடிந்ததும் சீட்டை உடனே கலைக்க மாட்டார்கள். போன சீட்டு போனதுதான், திரும்ப வராது. அதனால் இதுவரை எவை போயின என்று கவனித்தால், இனி எவை வரும் என்பதை ஓரளவு சொல்லலாம். பெரிய சீட்டுகள் மிச்சம் அதிகம் இருந்தால் ஆடுபவருக்கு நல்லது. சின்னச் சீட்டுகள் மிச்சம் அதிகம் இருந்தால் டீலருக்கு நல்லது. ஏனென்றால் டீலர் 17 வரும்வரை சீட்டு எடுத்தே ஆக வேண்டும். பெரிய சீட்டு வந்தால் அவர் 21-ஐத் தாண்டி அவுட் ஆவார்.

எண்ணும் முறை: ஒரு பத்து நிமிடப் பாடம்

உலகம் முழுக்கப் பிரபலமான முறை 'ஹை-லோ'. 1963-ல் ஹார்வி டப்னர் என்பவர் வெளியிட்டது.

- 2, 3, 4, 5, 6 வந்தால் +1
- 7, 8, 9 வந்தால் 0
- 10, ஜாக், ராணி, ராஜா, ஏஸ் வந்தால் -1

52 சீட்டுள்ள ஒரு கட்டில் 20 சீட்டு +1, 20 சீட்டு -1, 12 சீட்டு பூஜ்யம். முழுக் கட்டையும் எண்ணி முடித்தால் விடை 0 வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ தவறவிட்டீர்கள் என்று அர்த்தம். இப்படி ஓடிக்கொண்டே இருக்கும் எண்ணுக்கு 'ரன்னிங் கவுன்ட்' என்று பெயர். எல்லா ரீல்ஸும் இந்த இடத்தோடு நின்றுவிடும். "அவ்ளோதான் பாஸ், இனி கேசினோ உங்க கையில" என்பார்கள்.

அவ்ளோதான் இல்லை.

ஒரு கட்டு ஏன் ஆறு கட்டானது?

1962-ல் எட்வர்ட் தார்ப் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் 'பீட் தி டீலர்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். எம்.ஐ.டி.யில் இருந்த ஐ.பி.எம். 704 கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, சீட்டை எண்ணினால் கேசினோவை ஜெயிக்க முடியும் என்று காட்டினார். அப்போது பெரும்பாலும் ஒரே ஒரு கட்டை வைத்துக் கையால் பரிமாறுவார்கள்.

புத்தகம் சக்கைப்போடு போட்டது. கேசினோக்கள் உஷாராகின. நான்கு, ஆறு, எட்டு கட்டுகளை ஒன்றாகக் கலந்து 'ஷூ' என்ற பெட்டியில் வைத்துப் பரிமாறத் தொடங்கின. ஆறு கட்டு என்றால் 312 சீட்டு. எட்டு கட்டு என்றால் 416.

இதனால் எண்ணுவது கஷ்டமாகிவிடவில்லை. +1, -1 எப்போதும் போலத்தான். மாறியது அந்த எண்ணின் அர்த்தம். ஒரே கட்டில் +4 என்றால் பெரிய செய்தி. ஆறு கட்டு ஷூவின் தொடக்கத்தில் +4 என்றால், 300 சீட்டுக் கூட்டத்தில் நான்கு பேர் மட்டும் குறைகிற மாதிரி. கண்டுகொள்ளவே வேண்டாம்.

ட்ரூ கவுன்ட்: மிச்சத்தால் வகுங்கள்

இதற்குத்தான் 'ட்ரூ கவுன்ட்'. சூத்திரம் ஒரே வரி:

ட்ரூ கவுன்ட் = ரன்னிங் கவுன்ட் ÷ இன்னும் பார்க்காத கட்டுகளின் எண்ணிக்கை

ரன்னிங் கவுன்ட் +8 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 5 கட்டு என்றால் 8 ÷ 5 = 1.6. மிச்சம் 2 கட்டு என்றால் 8 ÷ 2 = 4. கிரிவலத்தில் பார்த்த அதே 12 நிமிடக் கதைதான்.

பொதுவாகச் சொல்லப்படும் ஒரு விதி: ட்ரூ கவுன்ட் ஒன்று கூடினால், ஆட்டம் சுமார் அரை சதவிகிதம் ஆடுபவர் பக்கம் நகரும். சரியான அடிப்படை உத்தியுடன் ஆடினாலும், நல்ல விதிகள் உள்ள மேசையில் கேசினோவுக்குச் சுமார் அரை சதவிகிதம் சாதகம் இருக்கும். ஆக, +1-ல் சமநிலை. +2-ல் ஆடுபவருக்கு அரை சதவிகிதம் சாதகம். +4-ல் சுமார் ஒன்றரை சதவிகிதம்.

மிச்சத்தை எப்படிக் கணிப்பது?

ஷூவுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று நேராகப் பார்ப்பது சிரமம். அதனால் தேர்ந்தவர்கள் ஷூவைப் பார்ப்பதில்லை. ஆடி முடித்த சீட்டுகளை அடுக்கி வைக்கும் தட்டைப் பார்ப்பார்கள். அங்கே எத்தனை கட்டு உயரம் இருக்கிறது என்று கண்ணால் அளந்து, மொத்தத்திலிருந்து கழிப்பார்கள்.

ஒரு கட்டின் உயரம் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர். ஆறு கட்டு சேர்ந்தால் ஒன்பதரை சென்டிமீட்டர் பக்கம் வரும். தட்டில் ஐந்தரை சென்டிமீட்டர் இருந்தால் மூன்றரை கட்டு போயிருக்கிறது. மிச்சம் இரண்டரை. ரன்னிங் கவுன்ட் +7 என்றால் 7 ÷ 2.5 = 2.8. முழு எண்ணாக்கும்போது கீழ்நோக்கி எடுப்பது பாதுகாப்பு. ஆக, +2.

அரையால் வகுக்கத் தடுமாறுகிறவர்களுக்கு ஒரு குறுக்குவழி: இரண்டு எண்களையும் இரட்டிப்பாக்குங்கள். 7 ÷ 2.5 என்பது 14 ÷ 5. 6 ÷ 1.5 என்பது 12 ÷ 3. மனக்கணக்கு சுலபமாகிவிடும்.

கண் ஏமாற்றுகிறதா என்று சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. ஒரு கைக்குச் சராசரியாக 2.7 சீட்டு செலவாகும். நான்கு பேரும் டீலரும் ஆடினால் ஒரு சுற்றுக்கு 13, 14 சீட்டு. நான்கு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு கட்டு. எட்டு சுற்று முடிந்திருக்கிறது, ஆனால் தட்டைப் பார்த்தால் மூன்று கட்டு போல் தெரிகிறது என்றால், கண் தப்பு செய்கிறது. இரண்டு கட்டு பக்கம்தான் இருக்க வேண்டும்.

எங்கே தப்பு நடக்கிறது?

முதல் தப்பு, கட் கார்டு. ஷூவின் கடைசியில் ஒன்று, ஒன்றரை கட்டுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் அட்டையைச் செருகி வைப்பார்கள். அது வெளியே வந்தால் ஆட்டம் நிறுத்தி, மறுபடி கலைப்பார்கள். பலர் "அட்டைக்குப் பின்னால் இருப்பது ஆட்டத்துக்கு வராதே" என்று அதைக் கழித்துவிடுவார்கள். கழிக்கக் கூடாது. நீங்கள் பார்க்காத எல்லாச் சீட்டும் மிச்சம்தான். பெரிய சீட்டுகள் அட்டைக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கலாம் இல்லையா?

இரண்டாவது, மேசையில் கிடக்கும் சீட்டு. தட்டில் உள்ளதை மட்டும் கழித்துவிட்டு, மேசையில் நீங்கள் ஏற்கெனவே எண்ணிவிட்ட சீட்டுகளை மறந்துவிடுவது. ஏழு பேர் உட்கார்ந்த மேசை என்றால் இதிலேயே கால் கட்டுக்கு மேல் தவறிவிடும்.

மூன்றாவது, பழைய சீட்டு. வளைந்து, நடுவில் காற்று புகுந்து, இருப்பதைவிட உயரமாகத் தெரியும்.

நான்காவதுதான் முக்கியம். தப்பின் விலை எல்லா நேரமும் ஒன்றல்ல. மிச்சம் 5 கட்டு இருக்கும்போது அரைக் கட்டு தப்பாகக் கணித்தால் பெரிய பாதிப்பு இல்லை. ரன்னிங் கவுன்ட் +6, உண்மையான மிச்சம் ஒன்றரை கட்டு என்று வையுங்கள். ட்ரூ கவுன்ட் 4. அதை ஒரு கட்டு என்று நினைத்தால் 6 ஆகிவிடும். இரண்டு கட்டு என்று நினைத்தால் 3-க்குச் சுருங்கிவிடும். அதிகப் பணம் வைக்கும் கடைசி நேரத்தில்தான் இந்தத் தப்பு அதிகமாகக் கடிக்கும்.

வீட்டில் பழகிப் பார்க்கலாமா?

பணம் இல்லாமல், தாராளமாக. இது ஒரு நல்ல மூளைப் பயிற்சி. கடையில் ஆறு சீட்டுக்கட்டு வாங்குங்கள். 26, 52, 78, 104 என்று எண்ணி அடுக்குகள் செய்து மேசையில் வரிசையாக வையுங்கள். இரண்டு நாள் அந்த உயரங்களைக் கண்ணுக்குப் பழக்குங்கள். பிறகு யாரையாவது இஷ்டத்துக்கு ஒரு அடுக்கு எடுத்து வைக்கச் சொல்லி, அரைக் கட்டு துல்லியத்தில் சொல்லிப் பாருங்கள். எண்ணிச் சரிபார்த்து, எவ்வளவு விலகினீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். நீங்கள் எப்போதும் கூடுதலாகச் சொல்கிறவரா, குறைத்துச் சொல்கிறவரா என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

இந்தத் திறமை நமக்கு ஒன்றும் புதிதல்ல. முழம் போட்டே பூ விற்கிற அக்காவையும், அரிசியைக் கையால் அள்ளிப் பார்த்தே எத்தனை பேருக்கு வரும் என்று சொல்கிற பாட்டியையும் நாம் பார்த்திருக்கிறோம். குத்துமதிப்பு என்று நாம் சாதாரணமாகச் சொல்வது, திரும்பத் திரும்பச் சரிபார்த்துப் பழகிய கண்ணின் வேலை.

வீட்டு ரம்மியிலும் இதே கணக்கு உதவும். இரண்டு கட்டு, ஜோக்கர் தவிர 104 சீட்டு. ஆறு பேருக்கு 13 வீதம் போட்டால் 78 போய்விடும். மிச்சம் 26. சரியாக அரைக் கட்டு! நீங்கள் காத்திருக்கும் சீட்டு அந்த 26-ல் இருக்கிறதா, யார் கையிலாவது மாட்டிக்கொண்டதா என்று யோசித்துத்தான் நல்ல ஆட்டக்காரர் சீட்டைக் கழிப்பார்.

1967-ல் செகந்திராபாத் கிளப் ஒன்றின் ரம்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் கவனித்ததும் இதைத்தான். எந்தச் சீட்டு விழுந்தது என்று நினைவில் வைக்க வேண்டியிருப்பதால், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பதற்குத் திறமை தேவைப்படுவதால், ரம்மி வெறும் அதிர்ஷ்ட ஆட்டம் அல்ல என்றது.

சரி, நண்பன் ஏன் தோற்றான்?

இப்போது அவன் கேள்விக்கு வருவோம். அவன் எண்ணியது சரி. ஆனால் எதால் வகுத்தான்?

போனில் வரும் சாதாரண பிளாக்ஜாக்கில் நிஜச் சீட்டே கிடையாது. கம்ப்யூட்டர் எண் ஒன்றைக் குலுக்கிப் போடுகிறது. பெரும்பாலும் ஒவ்வொரு கையும் புதிதாகக் கலைத்த கட்டிலிருந்து வரும். போன சீட்டு மறுபடி உள்ளே வந்துவிடும். கழித்த தட்டு கிடையாது. மிச்சம் என்ற ஒன்றே கிடையாது. இருபது கை பொறுமையாக எண்ணிச் சேர்த்த +9, இருபத்தோராவது கையைப் பற்றி எதுவுமே சொல்லாது. அவன் கிரிவலப் பாதையில் நடக்கவில்லை, டிரெட்மில்லில் நடந்துகொண்டிருந்தான். எவ்வளவு நடந்தாலும் கோபுரம் பக்கத்தில் வராது.

"லைவ் டீலர்" என்று நிஜ மனிதரைக் காட்டும் ஆட்டங்களில் சீட்டு நிஜம்தான். ஆனால் பெரும்பாலும் எட்டு கட்டு, அதிலும் ஏறத்தாழ பாதியிலேயே கட் கார்டு. மிச்சம் நான்கு கட்டுக்குக் கீழே இறங்குவதே அபூர்வம் என்றால், ரன்னிங் கவுன்ட் எவ்வளவு ஏறினாலும் ட்ரூ கவுன்ட் தவழ்ந்துகொண்டே இருக்கும். நேரடிக் கேசினோக்களிலும் ஆடிய சீட்டை உடனுக்குடன் உள்ளே இழுத்துக் கலைத்துக்கொண்டே இருக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. அங்கேயும் எண்ணிப் பயனில்லை.

எல்லாம் சரியாக அமைந்த மேசை கிடைத்தாலும் கணக்கைப் பாருங்கள். ட்ரூ கவுன்ட் +2-லேயே, கைக்கு 100 ரூபாய் வைத்து 100 கை ஆடினால், எதிர்பார்க்கும் லாபம் சுமார் 50 ரூபாய். அதே 100 கையில் சாதாரணமாக நடக்கும் ஏற்ற இறக்கம் 1,150 ரூபாய் பக்கம், மேலேயோ கீழேயோ. இந்த 50 ரூபாய் சாதகம் கண்ணுக்குத் தெரிய ஆயிரக்கணக்கான கைகள் ஆட வேண்டும். எம்.ஐ.டி. மாணவர்கள் குழுவாக, பெரிய முதலீட்டோடு இறங்கியது அதனால்தான். தனி ஆளாக, சம்பளப் பணத்தோடு இறங்குகிறவருக்கு அந்த அவகாசம் கிடைப்பதற்குள் கணக்கு காலியாகிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் கேசினோ கிடையாது. கோவாவிலும் சிக்கிமிலும் உரிமம் பெற்ற கேசினோக்கள் உண்டு. கோவாவில் மேசை ஆட்டங்களுக்குக் கப்பல்களில் அனுமதி தரும் சட்டத் திருத்தம் 1996-ல் வந்தது.

ஆன்லைன் சூதாட்டத்தால் தற்கொலைகள் தொடர்ந்ததை அடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் தமிழக அரசு குழு அமைத்தது. அதைத் தொடர்ந்து வந்ததுதான் 2022-ம் ஆண்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் அந்தத் தடைப் பட்டியலில் சேர்த்ததை ரத்து செய்தது. ஆனால் அதிர்ஷ்டம் சார்ந்த ஆட்டங்களுக்கான தடையை ஏற்றுக்கொண்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்விக்கே இடமில்லாமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்கிறது. இதை மீறி நடத்துகிறவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம்.

இன்னொரு சந்தேகமும் வரும். சீட்டை மனதில் எண்ணுவது மோசடியா? இல்லை. அமெரிக்காவில் வெறும் மூளையால் எண்ணுவது குற்றமல்ல, கருவி வைத்து எண்ணினால்தான் சிக்கல். ஆனால் எண்ணுகிறீர்கள் என்று தெரிந்தால் பல இடங்களில் கேசினோ உங்களை வெளியே அனுப்பிவிடும். நியூ ஜெர்சியில் கென் உஸ்டன் என்பவர் இதை எதிர்த்து வழக்குப் போட்டு 1982-ல் ஜெயித்தார். எண்ணுகிறார் என்பதற்காகக் கேசினோ தன்னிச்சையாக ஆளை விலக்க முடியாது என்றது அந்த மாநில உச்ச நீதிமன்றம். ஆளைத் தடுக்க முடியாவிட்டால் என்ன, சீட்டைச் சீக்கிரமே கலைத்துவிடலாமே! மிச்சத்தை யார் கையில் வைத்திருக்கிறார்களோ, ஆட்டம் அவர்கள் கையில்தான்.

கடைசியாக ஒரு கணக்கு

சீட்டுக் கணக்கு உங்களுக்குப் பிடித்திருந்தால், ஆறு கட்டு வாங்கி வீட்டு மேசையில் பழகுங்கள். நண்பர்களோடு காசு வைக்காமல் ஆடுங்கள். ஆனால், "எண்ணக் கத்துக்கோங்க, போன்லயே சம்பாதிங்க" என்று யாராவது சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கழித்த சீட்டு எங்கே?" காட்ட முடியவில்லை என்றால் அந்த ஆப்பை மூடிவிடுங்கள்.

ஏற்கெனவே பணம் போய், விட்டதைப் பிடிக்கலாம் என்று கை பரபரக்கிறதா? யாரிடமாவது பேசுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவச மனநல ஆலோசனை கிடைக்கும். தமிழிலும் பேசலாம்.

என் நண்பனிடமும் இதையெல்லாம் சொன்னேன். சிறிது நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "விட்டது 18,000-ன்னு மட்டும்தான்டா எண்ணிட்டு இருந்தேன், அக்கவுன்ட்ல மிச்சம் எவ்ளோன்னு பார்க்கவே இல்ல" என்றான். அன்று இரவே ஆப்பை நீக்கிவிட்டுப் பார்த்தான். மாத வாடகைக்குப் போதுமான அளவு இருந்தது.